தீர்ப்புக்கு முன் திரும்பப் பெறும் முறையீடு: அமெரிக்க முன்னாள் படைவீரர் ஊன இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

படைப்பணியில் நேர்ந்த காயத்துக்கும் நோய்க்கும் அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை மாதந்தோறும் ஊன இழப்பீடு தருகிறது. கோரிக்கை மறுக்கப்பட்டவர், அல்லது கேட்டதைவிடக் குறைவாகப் பெற்றவர், வாஷிங்டனில் உள்ள படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்தை நாடலாம். வாரியம் முடிவு சொல்லும்வரை அந்த முறையீட்டைத் திரும்பப் பெறவும் அவருக்கு உரிமை உண்டு. சட்டக் கையேடுகள் இந்த உரிமையை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. யார் எழுத வேண்டும், எங்கே அனுப்ப வேண்டும் என்பதோடு விளக்கம் முடிகிறது.

அந்தப் பத்திக்குள் பெரிய விளைவு ஒன்று இருக்கிறது. திரும்பப் பெற்ற நாளோடு முறையீடு நின்றுபோவதாகச் சட்டம் கொள்வதில்லை. அப்படியொரு முறையீடு தாக்கலே ஆகவில்லை என்று கொண்டு காலத்தைப் பின்னிருந்து கணக்கிடுகிறது. காத்திருந்த ஆண்டுகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. முன்னாள் வீரருக்குச் சாதகமாக அமைந்ததாகச் சொல்லப்படும் ஒரு முறையில் இந்த இடம் மட்டும் ஏன் இப்படி இறுக்கமாக இருக்கிறது, நீதிமன்றங்கள் அதை எவ்வளவு தளர்த்தியிருக்கின்றன, எந்த இடத்தைத் தொடாமல் விட்டிருக்கின்றன என்பவையே இங்கு ஆராயப்படுகின்றன.

2. வாரியமும் அதன் மேலுள்ள நீதிமன்றங்களும்

மேல்முறையீட்டு வாரியத்தைக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933 ஜூலை 28 அன்று நிர்வாக ஆணை ஒன்றின் மூலம் நிறுவினார். அடுத்த ஐம்பத்தைந்து ஆண்டுகள் வாரியத்தின் சொல்லே இறுதிச் சொல். அதற்கு மேல் நீதிமன்றம் கிடையாது. வழக்கறிஞரும் பெயரளவுக்குத்தான். உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1864-ல், வழக்கறிஞர் கட்டணத்துக்கு 10 டாலர் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் அது அப்படியே நீடித்தது. 1985-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. 1988-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம்தான் கதவைத் திறந்தது. படைவீரர் முறையீடுகளுக்கெனத் தனி நீதிமன்றம் பிறந்தது. அதற்கு மேல் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது.

இந்த வரலாற்றுக்கும் நம் பொருளுக்கும் தொடர்பு உண்டு. திரும்பப் பெறுதலை முறைப்படுத்தும் விதி, வழக்கறிஞரும் நீதிமன்றமும் இல்லாத காலத்து மனநிலையில் உருவானது. ‘வேண்டாம் என்கிறார், கோப்பை மூடு’ என்ற அலுவலக மனநிலை அது. 1988-க்குப் பிறகு வந்த நீதிபதிகள் அதற்குள் பாதுகாப்பைப் பிற்பாடு புகுத்த வேண்டியதாயிற்று.

2017 ஆகஸ்ட் 23 அன்று கையெழுத்தாகி, 2019 பிப்ரவரி 19 அன்று நடைமுறைக்கு வந்த மேல்முறையீட்டு நவீனமயச் சட்டம் பாதையை மூன்றாகப் பிரித்தது. புதிய, பொருத்தமான சான்றுடன் துணைக் கோரிக்கை கொடுக்கலாம். மூத்த அதிகாரி ஒருவர் பழைய கோப்பையே பார்க்கும் மேல்நிலை மறுஆய்வைக் கேட்கலாம். அல்லது ஆட்சேப அறிவிப்பு கொடுத்து நேரே வாரியத்துக்குப் போகலாம். மூன்றில் எதைத் தேர்ந்தாலும், முதல் கோரிக்கையின் தேதியைக் காக்க, முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் தேர வேண்டும். ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் நடத்த முடியாது. பாதை மாற விரும்பினால் முதல் பாதையைத் திரும்பப் பெற்றாக வேண்டும். அதனால் பழைய முறையில் எப்போதாவது நிகழ்ந்த திரும்பப் பெறுதல், புதிய முறையில் அன்றாடக் கருவியாகிவிட்டது.

3. விதி கேட்பது என்ன

கேட்பது கொஞ்சம்தான். முறையீட்டாளரோ அவருடைய அதிகாரம் பெற்ற பிரதிநிதியோ மட்டுமே திரும்பப் பெறலாம். எழுத்தில் இருக்க வேண்டும். வாரிய விசாரணையில் பதிவாகும்படி வாயால் சொன்னாலும் போதும். எழுத்தில் முன்னாள் வீரரின் பெயர், முறையீட்டாளர் வேறொருவர் என்றால் அவர் பெயர், கோப்பு எண், முறையீடு திரும்பப் பெறப்படுகிறது என்ற வாசகம் ஆகியவை இருக்க வேண்டும். பல விஷயங்கள் சேர்ந்த முறையீடு என்றால் முழுவதுமா, எவை எவை மட்டுமா என்று குறிப்பிட வேண்டும். கடிதம் வாரியத்துக்குக் கிடைத்த கணத்தில் திரும்பப் பெறுதல் நிறைவேறுகிறது. இறுதி முடிவு வெளியான பிறகு வந்து சேரும் கடிதத்துக்குப் பயனில்லை. வாரியத்தின் அனுமதி தேவையில்லை. காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு வாரியம் சிறிய உத்தரவு ஒன்றைப் பிறப்பிக்கும். பரிசீலிக்க உண்மைப் பிழையோ சட்டப் பிழையோ மீதமில்லை, ஆகவே முறையீடு தள்ளுபடி என்பது அதன் சாரம். கோரிக்கையின் தகுதி பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது.

விதியின் கடைசி வாக்கியத்தில்தான் சிக்கல். திரும்பப் பெற்றவர் மீண்டும் ஆட்சேப அறிவிப்பு தரலாம், மேல்நிலை மறுஆய்வு கேட்கலாம், துணைக் கோரிக்கை வைக்கலாம். ஆனால் திரும்பப் பெற்ற முறையீடு தாக்கலே ஆகாதிருந்தால் அந்தப் புதிய தாக்கல் காலத்துக்குள் வந்ததாக இருக்குமோ, அப்படி இருந்தால் மட்டுமே.

நம் நீதிமன்றங்களில் பழகியவர்களுக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 23-ஆம் கட்டளை 2-ஆம் விதியும் இதையேதான் சொல்கிறது: அனுமதியோடு வழக்கைத் திரும்பப் பெற்றுப் புதிதாகத் தொடுப்பவர், முதல் வழக்கு தொடுக்கப்படாதது போலவே காலவரையறைக்குக் கட்டுப்பட்டவர். ஆனால் அங்கே இரண்டு தரப்பு இருக்கிறது. எதிர்த்தரப்பைக் காலவரம்பின்றி இழுத்தடிக்கக் கூடாது என்ற நியாயம் இருக்கிறது. படைவீரர் முறையீட்டில் எதிர்த்தரப்பே இல்லை என்பதுதான் அந்த அமைப்பின் அறிவிக்கப்பட்ட கொள்கை. உதவி செய்யக் கடமைப்பட்ட துறைதான் எதிரில் உட்கார்ந்திருக்கிறது. அந்த நியாயத்தை இங்கே அப்படியே பொருத்த முடியாது.

4. காலக்கணக்கு

இழப்பீட்டில், ஊனத்தை மதிப்பிடும் விழுக்காட்டைவிடப் பெரிய கேள்வி பெரும்பாலும் தேதிதான். கோரிக்கை வந்து சேர்ந்த நாள், உரிமை தோன்றிய நாள் ஆகிய இரண்டில் பிந்தியதே நடைமுறைத் தேதி. அதன் அடுத்த மாதம் முதல் பணம் சேரத் தொடங்குகிறது. மறுக்கப்பட்டவர் ஒவ்வொரு முறையும் ஓராண்டுக்குள் அடுத்த படியைப் பிடித்தால் முதல் கோரிக்கையின் தேதி காப்பாற்றப்படும். நவீனமயச் சட்டம் தந்த மிகப் பெரிய நன்மை இந்தத் தொடர்ச்சிதான். துணைக் கோரிக்கை, மேல்நிலை மறுஆய்வு, வாரியம் என்று மாறி மாறிப் போனாலும், இடைவெளி ஓராண்டைத் தாண்டாதவரை தேதி நகராது. திரும்பப் பெறுதல் இந்தச் சங்கிலியை அறுத்துவிடக்கூடும்.

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2021 மார்ச்சில் முதுகுக் காயத்துக்குக் கோரிக்கை வைக்கிறார். 2022 பிப்ரவரியில் மறுப்பு வருகிறது. அக்டோபரில், ஓராண்டுக்குள்தான், ஆட்சேப அறிவிப்பு கொடுத்து நேரில் பேசும் விசாரணைப் பட்டியலைத் தேர்கிறார். சான்றும் விசாரணையும் இல்லாத நேரடிப் பட்டியலுக்கு 365 நாள் இலக்கு உண்டு. விசாரணைப் பட்டியலில் நிற்பவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். 2024 மே மாதம் பொறுமை போய்விடுகிறது. கையில் புது மருத்துவ அறிக்கை இருக்கிறது. துணைக் கோரிக்கை என்றால் சராசரி 125 நாள் இலக்கு என்று யாரோ சொல்கிறார்கள். முறையீட்டைத் திரும்பப் பெற்று, ஜூனில் துணைக் கோரிக்கை கொடுக்கிறார். ஐம்பது விழுக்காடு கிடைத்தும் விடுகிறது.

அறிவாளித்தனமான முடிவு போலத் தோன்றும். ஆனால் முறையீடே இல்லை என்று கொண்டால், 2022 பிப்ரவரி மறுப்புக்கு ஓராண்டு 2023 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. ஜூன் கோரிக்கை அந்தச் சங்கிலியில் சேராது. அவருடைய நடைமுறைத் தேதி 2021 மார்ச்சிலிருந்து 2024 ஜூனுக்கு நகர்கிறது. முப்பத்தொன்பது மாதப் பணம் போகிறது. மனைவி மக்கள் இல்லாத தனியாளுக்கு அந்தந்த ஆண்டின் ஐம்பது விழுக்காட்டுத் தொகையைக் கூட்டினால் அது 38,000 டாலரைத் தாண்டும். பழைய மறுப்பு இறுதியாகிவிட்டதால், அதில் தெளிவான, மறுக்க முடியாத பிழை இருந்தது என்று நிறுவினால்தான் மீட்க முடியும். அது ஏறுவதற்குக் கடினமான படி.

அதே மனிதர் வாரியத்தின் முடிவுக்காகக் காத்திருந்து தோற்றிருந்தாலும் நிலைமை இதைவிட நல்லது. வாரியத்தின் மறுப்புக்குப் பிறகு ஓராண்டுக்குள் துணைக் கோரிக்கை வைத்தால் 2021 மார்ச் தேதி உயிரோடு இருக்கும். திரும்பப் பெற்றவரைவிடத் தோற்றவருக்கு அதிக உரிமை மிஞ்சுகிறது. இப்படி ஒரு தலைகீழ் விளைவை எந்தச் சட்டமியற்றுநரும் திட்டமிட்டு எழுதியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். தனித்தனியே எழுதப்பட்ட இரண்டு விதிகள் சந்தித்த இடத்தில் அது தானாக முளைத்தது.

இதைவிடக் கடுமையான வகை ஒன்றும் இருக்கிறது. விழுக்காடு பற்றித் தகராறு இல்லை, தேதி மட்டும் தவறு என்று சிலர் முறையிடுவதுண்டு. தேதி பற்றிய முடிவு இறுதியான பிறகு, முந்தைய தேதி கேட்டுத் தனியாக ஒரு கோரிக்கையைக் கொண்டுவர இயலாது என்று படைவீரர் நீதிமன்றம் 2006-ல் தீர்த்துவிட்டது. ஆகவே தேதி முறையீட்டை ஓராண்டு கடந்தபின் திரும்பப் பெறுபவருக்கு, மேலே சொன்ன பிழைவாதம் தவிர வேறு கதவு கிடையாது.

காலத்தை அழிக்காமலும் திரும்பப் பெற வைக்கலாம் என்பதற்குத் துறையின் சொந்த வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 2017 நவம்பரில், புதிய சட்டம் நடைமுறைக்கு வருமுன், பழைய முறையீட்டாளர்களைப் புதிய பாதைகளுக்கு மாற்ற ஒரு சோதனைத் திட்டத்தைத் துறை தொடங்கியது. சேர்பவர் தம் பழைய முறையீட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்பதே நிபந்தனை. ஆனால் அவர்களுடைய பழைய நடைமுறைத் தேதி காக்கப்பட்டது. தேங்கிக் கிடந்த முறையீடுகளின் குவியலைக் குறைக்க வேண்டியிருந்தபோது தேதியைக் காக்க வழி கிடைத்தது. தனிமனிதர் தம் காரணத்துக்காகத் திரும்பப் பெறும்போது அந்த வழி இல்லை.

5. ஒப்புதலின் தரம்

திரும்பப் பெற்ற கோரிக்கை இல்லாமலே போய்விடுகிறது, அதற்கு உயிர் கிடையாது என்று படைவீரர் நீதிமன்றம் 1996-ல் கூறியது. விளைவு இவ்வளவு முழுமையானது என்றால் அதற்கான சம்மதமும் முழுமையாக இருக்க வேண்டும் அல்லவா? இதற்கான பதில் 2011-ல் வந்தது. விசாரணையில் வாய்மொழியாகச் செய்யும் திரும்பப் பெறுதல் வெளிப்படையாக இருக்க வேண்டும், இருபொருள் படக் கூடாது, விளைவு முழுவதையும் உணர்ந்து செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் மூன்று அளவுகோல்களை வைத்தது. முதல் இரண்டும் சொல்லைப் பற்றியவை. மூன்றாவது சொன்னவரின் மனத்தைப் பற்றியது. விதியின் வாசகத்தில் அது இல்லவே இல்லை.

2018-ல் ஃபெடரல் சர்க்யூட் முன் வந்த வழக்கு இந்த மூன்றாவது அளவுகோலைச் சோதித்தது. வாரிய விசாரணையில் நீதிபதி ஏழு விஷயங்களைப் பட்டியலிட்டு, இவை திரும்பப் பெறப்படுகின்றனவா என்று கேட்டார். ஆம் என்று பதில் வந்தது. முன்னாள் வீரருக்குப் பிரதிநிதி உடனிருந்தார். பிரதிநிதி உள்ளவருக்கு 2011-ன் அளவுகோல் பொருந்தாது என்றது படைவீரர் நீதிமன்றம். மேல் நீதிமன்றம் அந்த வேறுபாட்டை ஏற்கவில்லை. பிரதிநிதி இருந்தாலும் விளைவை முழுதும் உணர்ந்தாரா என்பதை வாரியம் கண்டறிந்து சொல்லியாக வேண்டும் என்று கூறி வழக்கைத் திருப்பி அனுப்பியது.

இந்தத் தீர்ப்பின் அருமை தெரிய, விசாரணை நடக்கும் விதத்தை அறிந்திருக்க வேண்டும். ஒலிப்பதிவு தொடங்குவதற்கு முன்பே பிரதிநிதியும் நீதிபதியும் எந்த விஷயங்கள் நிற்கின்றன, எவை போகின்றன என்று பேசிக்கொள்வது வழக்கம். பிரதிநிதி பெரும்பாலும் படைவீரர் சங்கம் ஒன்றின் ஊழியர். கட்டணம் வாங்காமல் பலருடைய கோப்புகளைச் சுமப்பவர். வலுவில்லாத விஷயங்களைக் கழித்தால் வலுவானவற்றுக்கு நேரம் கிடைக்கும் என்ற அவருடைய கணக்கில் நியாயம் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒலிப்பதிவில் விழுவது ஒரே ஒரு ‘ஆம்’. சீருடை போட்ட காலத்திலிருந்தே மேலதிகாரி கேட்டால் ‘ஆம், ஐயா’ என்று பழகிய நாக்கு அது.

சரி, எழுத்தில் திரும்பப் பெற்றால்? இரண்டு தீர்ப்புகளும் விசாரணை மேடையில் பிறந்தவை. அங்கே குறைந்தபட்சம் கேட்பதற்கு ஒரு நீதிபதி இருக்கிறார். வீட்டு மேசையில் எழுதி அஞ்சலில் போடும் கடிதத்திடம் யாரும் எதையும் கேட்பதில்லை. மேடைக்கு இவ்வளவு காவல் தேவை என்றால் மேசைக்கு இதைவிட அதிகம் தேவை என்பதே என் நிலைப்பாடு.

6. ஏன் திரும்பப் பெறுகிறார்கள்

போதும் என்ற நிறைவு ஒரு காரணம். ஒரு பகுதி கிடைத்துவிட்டது, மீதி சில்லறை என்று தோன்றுகிறது. பல நேரம் அது உண்மையும்கூட. துறை விழுக்காடுகளை நேராகக் கூட்டுவதில்லை. மிச்சமிருக்கும் உடல்நலத்தில் விழுக்காடு எடுக்கிறது. தொண்ணூறு உள்ளவருக்கு இன்னொரு பத்து சேர்ந்தால் தொண்ணூற்றொன்று. வட்டமாக்கினால் மீண்டும் தொண்ணூறே. அவர் நூறை எட்ட இன்னும் ஒரு ஐம்பது வேண்டும். காது இரைச்சலுக்கான பத்து விழுக்காட்டு முறையீட்டை அவர் கைவிட்டால் மாதப் பணத்தில் ஒரு காசும் குறையாது.

ஆனால் பணித்தொடர்பு, அதாவது ஊனம் படைப்பணியால் வந்தது என்ற ஏற்பு, விழுக்காடு மட்டுமல்ல. பூஜ்ய விழுக்காட்டில் ஏற்கப்பட்ட முழங்கால்கூட, பின்னாளில் அதனால் கெட்டுப்போகும் இடுப்புக்கு வழி திறக்கும். முழங்கால் முறையீட்டைக் கைவிட்டவர் இடுப்புக்காகப் போகும்போது முழங்காலிலிருந்தே தொடங்க வேண்டும். நூறு கிடைத்தவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒரே ஊனத்துக்கு முழு மதிப்பீடும், அதோடு தொடர்பில்லாத பிற ஊனங்களுக்குச் சேர்ந்து அறுபதும் இருந்தால் சிறப்பு மாதத்தொகைக்குச் சட்டத்தில் இடமுண்டு. நூறு வந்துவிட்டது என்று மற்றவற்றைக் கழித்தவர் அந்த அறுபதைத் தம் கையாலேயே கழித்திருக்கலாம்.

பயம் இன்னொரு காரணம். முறையீட்டைக் கிளறினால் இருப்பதும் போய்விடும் என்ற பேச்சு முன்னாள் வீரர்களிடையே பரவலாக உண்டு. புதிய பரிசோதனையில் உடல் தேறியதாகத் தெரிந்தால் துறை குறைக்க முற்படலாம் என்பது மெய். ஆனால் அந்த அதிகாரம் வட்டார அலுவலகத்திடம் இருக்கிறது; முறையீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருக்கிறது. குறைக்குமுன் அறிவிப்புத் தந்து, பதில் சான்று கொடுக்க அறுபது நாளும், விசாரணை கேட்க முப்பது நாளும் அளிக்க வேண்டும். இருபது ஆண்டு தொடர்ந்து நின்ற மதிப்பீட்டை, மோசடி இருந்தாலன்றி, அதற்குக் கீழே இறக்க முடியாது. புதிய முறையில் கீழ்நிலையில் கிடைத்த சாதகமான கண்டறிதல்கள் மேல்நிலையைக் கட்டுப்படுத்துகின்றன. பயத்தால் முறையீட்டைத் திரும்பப் பெற்றவர் எந்தக் கவசத்தையும் பெறுவதில்லை.

களைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மாற்று உண்டு என்பதை மட்டும் குறிக்கலாம். எழுபத்தைந்து வயதானவர், கடும் நோயாளி, பெரும் பொருளாதார நெருக்கடியில் உள்ளவர் வரிசையில் முன்னே நகர்த்தக் கேட்கலாம். பட்டியலை மாற்றவும் தொடக்கக் காலத்தில், சான்றோ சாட்சியமோ கொடுக்காதிருந்தால், வாய்ப்பு உண்டு.

7. மரணமும் குடும்பமும்

முறையீட்டாளர் இறந்தால் பழைய சட்டத்தில் முறையீடும் அவரோடு போயிற்று. 2008 அக்டோபர் 10 முதல், மனைவியோ தகுதியுள்ள வேறு உறவினரோ ஓராண்டுக்குள் கேட்டு அவர் இடத்தில் அமர்ந்து நடத்தலாம். ஆனால் நடத்துவதற்கு இறக்கும் நாளில் ஒரு முறையீடு நிலுவையில் இருக்க வேண்டும். இறப்பதற்குச் சில வாரம் முன்பு, இனி எதற்கு இந்த அலைச்சல் என்று ஒரு நோயாளி கையெழுத்திட்ட கடிதம், மனைவிக்கு வரவிருந்த நிலுவைத் தொகையையும் சேர்த்தே அணைத்துவிடுகிறது. கையெழுத்து அவருடையது, உரிமை இருவருடையது. விதி ஒருவரை மட்டுமே பார்க்கிறது.

தேதி முறையீடுகளில் இது இன்னும் நுட்பமாக வெட்டும். பணியால் வராத காரணத்தால் முன்னாள் வீரர் இறந்தாலும், இறப்புக்கு முந்தைய பத்து ஆண்டுகள் தொடர்ந்து முழு ஊனமாக மதிப்பிடப்பட்டிருந்தால் துணைக்கு மாத உதவி உண்டு. எட்டாண்டுகளாக முழு மதிப்பீடு பெற்றுவரும் ஒருவர், மூன்றாண்டு முந்தைய தேதி கேட்டு முறையிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அது நிலுவைப் பணம். மனைவிக்கு அது பத்தாண்டை எட்டுவதற்கும் எட்டாததற்கும் உள்ள வித்தியாசம்.

8. ஒரு திருத்தம்

திரும்பப் பெறும் உரிமையைக் குறைக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. தம் முறையீட்டைத் தாம் கைவிட ஒருவருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. குறை, விதி கேட்கும் விவரங்களில் இருக்கிறது. பெயரையும் கோப்பு எண்ணையும் அது முறையீட்டாளரிடம் கேட்கிறது. இரண்டும் துறைக்கு ஏற்கெனவே தெரிந்தவை. முறையீட்டாளருக்குத் தெரியாத, துறைக்கு மட்டும் ஒரு நொடியில் தெரியக்கூடிய ஒரு விவரம் அங்கே இல்லை: ஓராண்டுக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது, அல்லது முடிந்துவிட்டது என்பது.

எழுத்தில் கடிதம் வந்ததும் வாரியம் அந்தத் தேதியையும், இழக்க நேரும் நடைமுறைத் தேதியையும், அதே விஷயத்தைச் சார்ந்து நிற்கும் பிற கோரிக்கைகளையும் ஒரு தாளில் எழுதித் திருப்பி அனுப்பலாம். முப்பது நாளுக்குள் முறையீட்டாளர் மறுத்து எழுதாவிட்டால் தள்ளுபடி உத்தரவு வெளியாகட்டும். மறுத்து எழுதினால் முறையீடு வரிசையில் தன் பழைய இடத்திலேயே நிற்கட்டும். இது தாமதம் கூட்டும் என்பார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் அளவில் முடிவுகள் வெளியிடும் அமைப்புக்கு அந்தத் தாள் ஒரு சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்ற கோப்பு, வெளியேறும் வாசலில் இன்னொரு முப்பது நாள் நிற்பதால் பின்னால் நிற்பவர் யாருக்கும் முறை தள்ளிப்போவதில்லை. மேலும் 2018 தீர்ப்பு கேட்ட ‘முழுதும் உணர்ந்தாரா’ என்ற கேள்விக்கு, இப்போது விசாரணைப் பதிவின் ‘ஆம்’களுக்குள் பதில் தேடுகிறார்கள். இந்தத் தாளின் நகல் கோப்பில் இருந்தால் பதில் அங்கேயே இருக்கும்.